போன தடவைக்கு நன்றி

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். "வாயுள்ள பிள்ளை பிழைச்சுக்கும்" என்று என் அப்பா சொல்லிச் சிரிப்பார். அவர் சொன்னபடியே அந்த வாயை வைத்துத்தான் பிழைத்தேன். பெங்களூர் கண்டோன்மென்ட்டுக்கு வந்து இறங்கும் வெள்ளைக்காரப் பெண்களுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கும் முன்ஷி வேலை எனக்கு. முன்ஷியம்மா என்பார்கள். பேச வேண்டிய ஒரு நாளில் அந்த வாய் என்னைக் கைவிட்டது. அல்லது நான்தான் அதைக் கைவிட்டேன். அதைச் சுற்றி வளைக்காமல் எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

என்னிடம் படித்தவர்களில் ஒரு டேனிஷ் துரைசானி இருந்தார். நர்ஸ். தெற்கே ஏதோ ஒரு பெண்கள் ஆஸ்பத்திரியில் வேலை காத்திருந்தது. தமிழ் பேசத் தெரிந்தால்தான் அங்கே அனுப்புவார்கள். பிரசவ வலியில் துடிக்கிறவளிடம் இங்கிலீஷ் பேசி என்ன பிரயோஜனம்? அதனால் முதலில் இரண்டு வருஷம் பெங்களூரில் தங்கி என்னிடம் படிக்க ஏற்பாடு. அவருக்கு அப்போது முப்பது வயதிருக்கும். நெட்டையான உடம்பு, சிவந்த மூக்கு, காலில் ஆண்பிள்ளை பூட்ஸ். ஜீவனஹள்ளியில் இருந்த எங்கள் வீட்டிலிருந்து அவர் தங்கியிருந்த வீட்டுக்கு நடந்தால் கால்மணி நேரம்.

முதல் வாரமே எங்களுக்குள் சண்டை. எல்லாவற்றுக்கும் நன்றி சொல்வார். தண்ணீர் கொடுத்தால் நன்றி, பென்சில் எடுத்துக் கொடுத்தால் நன்றி, ஜன்னலைச் சாத்தினால் நன்றி. மூன்றாம் நாள் எனக்குப் பொறுக்கவில்லை.

"என்னங்க இது, வார்த்தைக்கு வார்த்தை நன்றி? எங்கள்ல வேத்தாளுக்குத்தான் அப்படிச் சொல்வாங்க. என்னைத் தள்ளி நிறுத்தற மாதிரி இருக்குது" என்றேன்.

அவர் 'ஹா' என்று மூச்சை உள்ளே இழுத்தார். நான் பயந்துபோனேன். பல்லி கில்லி மேலே விழுந்துவிட்டதோ என்று பார்த்தேன். ஒன்றுமில்லை. அவர்கள் ஊரில் 'ஆமாம், கேட்டுக்கொண்டிருக்கிறேன்' என்பதை அப்படித்தான் மூச்சை உள்ளிழுத்துச் சொல்வார்களாம். தெரியாதவன் பார்த்தால் ஏதோ திகிலடித்துவிட்டது என்றுதான் நினைப்பான்.

பிறகு அவர் விளக்கினார். அவர்கள் வீட்டில் பிள்ளைகள் சாப்பிட்டு எழுந்ததும் அம்மாவுக்கு நன்றி சொல்ல வேண்டும். சேர்ந்து வேலை செய்தவர்கள் பிரியும்போது 'தக் ஃபோ இ டே' என்பார்கள். இன்றைய நாளுக்கு நன்றி என்று அர்த்தம். ஒருவர் வீட்டில் விருந்து சாப்பிட்டால் அடுத்த தடவை அவரைப் பார்க்கும்போது, வேறு எந்தப் பேச்சும் எடுக்கும் முன், 'தக் ஃபோ சிஸ்ட்' சொல்லியாக வேண்டும். போன தடவைக்கு நன்றி. நடுவில் ஒரு நாள் போனாலும் ஒரு வருஷம் போனாலும் அது பாக்கி. சொல்லாவிட்டால், அன்று சேர்ந்து உட்கார்ந்ததையே மறந்துவிட்டேன் என்று ஆகிவிடும்.

"பதிலுக்கு என்ன சொல்லணும்?" என்று கேட்டேன்.

"செல் தக். உங்களுக்கும் நன்றி."

நான் விடவில்லை. எங்களுடையதையும் சொல்லிக்கொடுத்தேன். வாசலில் நின்று "போறேன்" என்று சொல்லக் கூடாது, "போயிட்டு வரேன்" என்றுதான் சொல்ல வேண்டும். வீட்டுக்காரர் "வாங்க" என்று சொல்லாத வீட்டுக்குள் காலை வைக்கக் கூடாது. சாப்பிடச் சொன்னால் முதல் தடவை வேண்டாம் என்று சொல்ல வேண்டும். அதை நம்பிவிடுகிறவர் நல்ல வீட்டுக்காரர் இல்லை. எல்லாவற்றையும் நோட்டில் எழுதிக்கொள்வார். தப்பாகச் சொன்னால், "உச்சரிப்பு சரியில்லை. இன்னொரு தடவை சொல்லுங்க" என்பேன். 'ழ'வுக்காக ஒரு மழைக்காலம் முழுவதும் அவரை வதைத்திருக்கிறேன். இரக்கமே காட்டியதில்லை. பாடம் முடிந்து நான் கிளம்பும்போது தினமும் "தக் ஃபோ இ டே" என்பார். நானும் "செல் தக்" சொல்லிப் பழகிவிட்டேன். போகப் போக அவர்கள் பேச்சு எனக்குப் பாதிக்கு மேல் புரிந்தது.

துரைசானி தங்கியிருந்த தெருவிலேயே ஒரு ஜெர்மன் டாக்டர் இருந்தார். வயதானவர், தனிக்கட்டை. இரண்டு தேசமும் ஒட்டுகிற எல்லைக் கிராமத்தில் பிறந்ததால் டேனிஷ் நன்றாகப் பேசுவார். யுத்தம் ஆரம்பித்ததும், ஜெர்மன்காரர் என்பதால் அவரை முகாமுக்குக் கொண்டுபோய், விசாரித்து, வீட்டிலேயே இருக்கலாம் என்று திருப்பி அனுப்பியிருந்தார்கள். குருத்தோலை ஞாயிறன்று கோயில் முடிந்ததும் துரைசானியைச் சாப்பிடக் கூப்பிட்டார். என்னையும் கூப்பிட்டார். உருளைக்கிழங்கு சூப்பும் ரொட்டியும். உப்பே இல்லை. நான் வேண்டாம் என்று சொன்ன முதல் தடவையே அந்த மனுஷர் நம்பிவிட்டார், இரண்டாம் கரண்டி கிடைக்கவில்லை. வழியெல்லாம் அதைச் சொல்லிச் சிரித்துக்கொண்டே வந்தோம்.

அடுத்த மாதம் ஜெர்மன்காரர்கள் டென்மார்க்குக்குள் நுழைந்தார்கள். ஒரே நாளில் தேசம் கைமாறிவிட்டது. துரைசானிக்கு வீட்டிலிருந்து கடிதம் நின்றது. அம்மா இருக்கிறாளா இல்லையா என்றே தெரியாது. எதிரி பிடித்த தேசத்துக்காரர் என்பதால், வாரம் ஒரு தடவை போலீஸ் ஆபீசுக்குப் போய்க் கையெழுத்துப் போட வேண்டும் என்று உத்தரவு வந்தது. டாக்டர் வீட்டுப் பக்கமே அவர் போகவில்லை. டாக்டரும் வெளியே வரவில்லை.

ஜூன் மாதம் ஒரு நாள் காலையில், டாக்டரை மறுபடியும் முகாமுக்குக் கொண்டுபோகிறார்கள் என்று செய்தி வந்தது. துரைசானி தொப்பியை எடுத்துக்கொண்டு, "வாங்க முன்ஷியம்மா, ஸ்டேஷன்" என்றார். வேண்டாம் என்று இரண்டு தடவை சொன்னேன். அவர் நடக்க ஆரம்பித்துவிட்டார். நானும் பின்னாலேயே ஓடினேன்.

கண்டோன்மென்ட் ஸ்டேஷனில் டாக்டர் ஒரு டிரங்குப் பெட்டிமேல் உட்கார்ந்திருந்தார். பக்கத்துக்கு ஒரு கான்ஸ்டபிள். எங்களைப் பார்த்ததும் எழுந்தார். தலையைத் தூக்கவில்லை. என் தேசம் உன் தேசத்தை விழுங்கிவிட்டது, எந்த முகத்தோடு உன்னைப் பார்ப்பது என்று அந்தக் குனிவே சொன்னது. துரைசானி நேரே போய் அவர் முன்னால் நின்று, கையை நீட்டி, எல்லாருக்கும் கேட்கும்படி, "தக் ஃபோ சிஸ்ட்" என்றார்.

அதன் அர்த்தம் அந்த பிளாட்பாரத்தில் எங்கள் மூன்று பேருக்குத்தான் தெரியும். யார் யார் தேசத்தைப் பிடித்தாலும் சரி, உங்கள் மேசையில் நான் சாப்பிட்டேன், அதை மறக்கவில்லை என்று அர்த்தம். டாக்டர் நிமிர்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "செல் தக்" என்றார். ரயில் வந்தது. அவ்வளவுதான் நடந்தது. கையில் ஒரு துண்டுக் காகிதம்கூட மாறவில்லை.

நாலடி தள்ளி நின்று பேப்பர் படித்துக்கொண்டிருந்த ஒரு ஆளை நான் கவனிக்கவில்லை.

மூன்றாம் நாள் துரைசானிக்குப் போலீசிலிருந்து அழைப்பு. மொழி தெரிந்த சாட்சி என்று எனக்கும். என் வீட்டுக்காரர் கண்டோன்மென்ட் ஆபீஸ் ஒன்றில் குமாஸ்தா. அந்தக் காகிதத்தைப் பார்த்ததும் அவர் கையிலிருந்த காப்பி டம்ளரைக் கீழே வைத்துவிட்டார்.

"இதோ பாரு, நமக்கு ரெண்டு பொண்ணுங்க. என் வேலைக்கு ஒண்ணு ஆச்சின்னா தெருவுலதான் நிக்கணும். அங்கப் போய் வாயைக் கொடுத்து மாட்டிக்காத" என்றார்.

"கேட்டா பதில் சொல்ல வேணாமா?"

"நீ தமிழ் சொல்லிக்கொடுக்கற, அவ்ளோதான். அவங்க பாஷை தெரியாதுன்னு ஒரே வார்த்தை சொல்லிட்டு வா. சும்மா கிரிகிரி, வம்பெல்லாம் வேணாம்."

"தெரியுமே எனக்கு."

"உனக்குத் தெரியும்னு யாருக்குத் தெரியும்?" என்றார். குரலில் கோபம் இல்லை, பயம்தான் இருந்தது. சின்னவள் பள்ளிக்கூடம் போக ரிப்பன் கட்டச் சொல்லி என் முன்னால் வந்து நின்றாள். கட்டிவிட்டுக் கிளம்பினேன்.

இன்ஸ்பெக்டர் தமிழர். கண்ணியமான மனுஷர், உட்காரச் சொன்னார். மேசைமேல் ஒரு காகிதம். காதில் விழுந்ததை ஸ்டேஷனில் பேப்பர் படித்த அந்த ஆள் இங்கிலீஷ் எழுத்தில் எழுதி, அகராதி பார்த்து, வார்த்தைக்கு வார்த்தை அர்த்தம் போட்டிருந்தான். இன்ஸ்பெக்டர் முதலில் துரைசானியிடம் இங்கிலீஷில் கேட்டார். கடைசியாகக் கிடைத்ததற்கு நன்றி என்று அந்த ஜெர்மன்காரரிடம் சொன்னீர்களா?

"சொன்னேன்."

"கடைசியாக என்ன கிடைத்தது?"

"சூப்" என்றார் துரைசானி.

இன்ஸ்பெக்டர் பேனாவைக் கீழே வைத்தார். எப்போது சாப்பிட்டீர்கள் என்று கேட்டார். மார்ச் மாதம் என்றார் அவர். மார்ச்சில் குடித்த சூப்புக்கு ஜூனில் நன்றியா, அதுவும் உங்கள் தேசத்தைப் பிடித்தவனுக்கு, அதுவும் போலீஸ் பிடித்துக்கொண்டு போகும்போதா என்று கேட்டார். துரைசானி 'ஹா' என்று மூச்சை உள்ளிழுத்தார்.

இன்ஸ்பெக்டரின் பேனா உடனே எழுந்து ஏதோ எழுதியது. எனக்குப் பதறியது. ஐயா, அது திடுக்கிட்டதில்லை, 'ஆமாம்' என்று சொல்கிறார் என்று நாக்கு நுனிவரை வந்தது. வாயைத் திறக்கவில்லை.

சாப்பாட்டில் வேறு யார் இருந்தார்கள் என்று அவர் கேட்கவில்லை. துரைசானியும் சொல்லவில்லை. முன்ஷியம்மாவும் உட்கார்ந்து சாப்பிட்டார் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவருக்குச் சாட்சி கிடைத்திருக்கும். எனக்குச் சங்கடம் வரக் கூடாது என்று வேண்டுமென்றே விழுங்கினார். எனக்கு அது அப்போதே தெரிந்தது.

இன்ஸ்பெக்டர் என் பக்கம் திரும்பித் தமிழில் பேசினார். "அம்மா, நீங்க ரெண்டு வருஷமா இவங்ககூட இருக்கீங்க. இவங்க சொல்றது உண்மையா இருந்தா எனக்கும் நிம்மதி. இல்லேன்னா இவங்களை இந்த ஊர்ல விட்டு வைக்க முடியாது, ஆஸ்பத்திரி வேலைக்கும் அனுப்ப முடியாது. அந்த வார்த்தையை அவங்க எப்போ, எதுக்குச் சொல்வாங்க? உங்களுக்குத் தெரியுமா?"

சின்னவளின் ரிப்பன் ஞாபகம் வந்தது.

"எனக்கு அவங்க பாஷை தெரியாதுங்க சார்" என்றேன்.

துரைசானிக்கு அதற்குள் அந்த அளவு தமிழ் நன்றாகவே புரியும். நான் சொல்லிக்கொடுத்த தமிழ்தானே. என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கியிருப்பேன். பாடத்தில் புதிய வார்த்தை வந்தால் எப்படிப் பார்ப்பாரோ அப்படிப் பார்த்தார்.

வெளியே வந்தோம். கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு தூங்குமூஞ்சி மரம். அவர் அதற்கடியில் நின்று தொப்பியைப் போட்டுக்கொண்டார். பிறகு என் பக்கம் திரும்பி, தினமும் சொல்வதுபோலவே, "தக் ஃபோ இ டே" என்றார்.

இன்றைய நாளுக்கு நன்றி. எந்த நாளுக்கு? பதில் சொல்ல எனக்கு இரண்டே வார்த்தைதான் வேண்டும், தினமும் சொன்ன அதே இரண்டு வார்த்தை. தெரியாது என்று உள்ளே சொல்லிவிட்டு வந்தவள் வெளியே வந்து எப்படிச் சொல்வேன்? முந்தானையால் வாயை மூடிக்கொண்டு நடந்துவிட்டேன்.

"சொல்லிட்டியா?" என்றார் வீட்டுக்காரர்.

"சொல்லிட்டேன்."

"நல்லதாப் போச்சு" என்றார். அவர்மேல் வந்த ஆத்திரத்தைச் சோற்றுப் பானைமேல் காட்டினேன். பொய் சொன்னது என் வாய், பானை என்ன செய்யும்?

மறுநாள் காலையில் யாரிடமும் சொல்லாமல் இன்ஸ்பெக்டர் ஆபீசுக்குப் போனேன். ஒரு மணி நேரம் நிற்கவைத்துத்தான் உள்ளே விட்டார்கள்.

"சார், நேத்து நான் சொன்னது பொய். எனக்கு அவங்க பாஷை தெரியும். அது அவங்க வழக்கம் சார். விருந்து சாப்பிட்டவங்க அடுத்த தடவை பார்க்கும்போது முதல்ல அதைத்தான் சொல்லணும். அந்தச் சாப்பாட்டுல நானும் இருந்தேன்" என்று மூச்சுவிடாமல் கொட்டினேன்.

நான் நிறுத்தவில்லை. "நீங்க வீட்டுலேர்ந்து கிளம்பறப்போ போயிட்டு வரேன்னு சொல்றீங்க. உங்க பின்னாலயே ஒருத்தன் வந்து, எப்போ வருவாரு, எதுக்கு வருவாரு, யாரைப் பார்க்க வருவாருன்னு எழுதினா ஒத்துக்குவீங்களா சார்? அது சேதி இல்ல சார், மரியாதை."

அவர் முகத்தில் லேசாகச் சிரிப்பு வந்து போனது. "எனக்குப் புரியுதும்மா. கண் கெட்ட பின்னே சூரிய நமஸ்காரம் பண்றீங்களே. காகிதம் காலையிலேயே மேலே போயிடுச்சு."

"இதையும் எழுதி அனுப்புங்க சார்."

"அனுப்பறேன். ஆனா ஒண்ணு. இதே வார்த்தையை நேத்து சொல்லியிருந்தா சாட்சி. இன்னிக்குச் சொன்னா சிபாரிசு. நேத்து தெரியாது, இன்னிக்குத் தெரியும்னா, ராத்திரி யார் வந்து சொல்லிக்கொடுத்தாங்கன்னுதான் மேலே கேப்பாங்க."

அவர் எழுதி அனுப்பினார் என்றுதான் நினைக்கிறேன். பலன் இல்லை. ஒரு மலை ஊருக்குப் போய் அதன் எல்லையைத் தாண்டாமல் இருக்க வேண்டும் என்று துரைசானிக்கு உத்தரவு வந்தது. ஆஸ்பத்திரி வேலை போயிற்று. இரண்டு வருஷம் 'ழ'வோடு மல்லுக்கட்டியது எந்த வலிக்காரிக்கும் உதவவில்லை. அவர் கிளம்பிய நாளில் நான் ஸ்டேஷனுக்குப் போகவில்லை. காய்ச்சல் என்று சொல்லிப் படுத்துக்கொண்டேன். காய்ச்சலும் இல்லை, ஒன்றும் இல்லை. பார்க்க வெட்கம். என் வீட்டுக்காரர் வேலைக்கு ஒன்றும் ஆகவில்லை. பிள்ளைகள் படித்தார்கள். அதன் பிறகு நான் முன்ஷி வேலைக்குப் போகவில்லை. கேட்டவர்களிடம் முழங்கால் வலி என்றேன்.

ஆறு வருஷம் போயிற்று. யுத்தம் முடிந்திருந்தது. ஒரு நாள் பத்து மணி இருக்கும், முற்றத்தில் அரிசி களைந்துகொண்டிருந்தேன். வாசலில் நிழல் தட்டியது. நிமிர்ந்தேன். அதே நெட்டை உடம்பு, அதே ஆண்பிள்ளை பூட்ஸ். தலை முழுவதும் நரைத்திருந்தது. கையில் ஒரு சின்னப் பெட்டி. ஊருக்குக் கப்பலேறப் போகிறார் என்று பார்த்ததுமே தெரிந்தது.

அவர் படிக்கு வெளியே நின்றார். உள்ளே வரவில்லை. "வாங்க" என்று சொல்லாத வீட்டுக்குள் நுழையக் கூடாது என்று சொல்லிக்கொடுத்தவள் நான். எனக்கு அந்த "வாங்க" வரவில்லை. அதற்கு முன்னால் சொல்ல வேண்டிய பாக்கி ஒன்று இருந்தது. எங்களுக்குப் போன தடவை என்பது அந்தத் தூங்குமூஞ்சி மரத்தடிதான். அதற்கப்புறம் நாங்கள் பார்த்துக்கொள்ளவே இல்லை.

கை ஈரத்தைப் புடவையில் துடைத்துக்கொண்டு எழுந்தேன். எனக்குத் தெரியாது என்று நான் சொன்ன அந்த மூன்று வார்த்தையையும் சொன்னேன்.

"தக் ஃபோ சிஸ்ட்."

'ஹா' என்று மூச்சை உள்ளிழுத்தார். அது திடுக்கிட்டதில்லை. ஆமாம், கேட்டேன் என்று அர்த்தம். ஆனால் "செல் தக்" வரவில்லை. பிறகு என்னைவிடச் சுத்தமான தமிழில், நிதானமாக,

"உச்சரிப்பு சரியில்லை, முன்ஷியம்மா. இன்னொரு தடவை சொல்லுங்க" என்றார்.

சொன்னேன். அழுகையில் பாதி கரைந்துவிட்டது. அவர் தலையை ஆட்டினார், போதாது என்று. அவரும் இரக்கம் காட்டவில்லை. மூன்றாம் தடவை சொல்லி முடித்த பிறகுதான் "செல் தக்" என்றார். அவர் கண்ணும் நிறைந்திருந்தது.

அப்போதுதான் உறைத்தது, இவ்வளவு நேரமும் அவரை வெயிலில் நிறுத்தி வைத்திருக்கிறேன் என்று.

"வாங்க" என்றேன்.